இறங்கு ஏலம்

மூரோஸ் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்
மீன் ஏலம் விட்டவள் என் மனைவி எருந்தீனா.
எங்கள் ஊர் ஏலம் ஏறாது, இறங்கும்.
முப்பதில் தொடங்கி இருபத்தொன்பதரை, இருபத்தொன்பது என்று
மூச்சு விடாமல் படியிறங்குவாள்.
"எனக்கு!" என்று எவன் கத்துகிறானோ
அவன் வாயில் வந்து நிற்கும் விலை.
கத்தத் துணியாதவன்
வெறும் பெட்டியோடு வீடு போவான்.

பிப்ரவரியில், நாக்குமீன் பெட்டி ஒன்றின் முன்னால்
பதினாலுக்கு வாயைத் திறந்தவள்
திறந்தபடி நின்றாள்.
தந்திரம் என்று நினைத்து
வியாபாரிகள் காத்திருந்தார்கள்.

மூளையின் இடப்பக்கம் ஒரு ரத்தக்கட்டி,
கொண்டைக்கடலை அளவு.
வலது கை போயிற்று. பேச்சு போயிற்று.
ஒரே ஒரு கெட்ட வார்த்தை மிஞ்சியது.
அதை நர்ஸிடமும் பாதிரியாரிடமும் என்னிடமும்
பாரபட்சமில்லாமல் சொன்னாள்.

செவ்வாயும் வியாழனும் சாந்தியாகோவுக்குப் பேருந்து.
பேச்சுப் பயிற்சி தரும் பெண் உஷீயா
அட்டைகளைக் காட்டுவாள்.
சாவி. சீப்பு. குடை.
சீப்புக்குக் கெட்ட வார்த்தை.
குடைக்கும் அதுவே, கொஞ்சம் மெதுவாக.

மகன் ப்ரெய்ஷோ ஞாயிறு தோறும் வந்து
வீடெங்கும் பெயர் எழுதி ஒட்டினான்.
கதவு. அடுப்பு. ஜன்னல்.
என் சட்டை முதுகில்: கணவன்.
அதோடு ரொட்டிக்கடை வரை போய்வந்தேன்.
அவள் தங்கை தொரிந்தாதான் பெரிய பாடு.
அக்கா உதட்டைக் குவிக்கும் முன்னே
வாக்கியத்தை இவள் முடித்துவிடுவாள்.
"பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகே
நீங்கள் பேசலாம்" என்றாள் உஷீயா.
எங்கள் வீட்டில் சிகிச்சை
ஒருத்திக்கு மட்டும் நடக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள்,
ரப்பர் பந்தை எத்தனை முறை அழுத்தினாய் என்று கேட்டதற்கு
"முப்பது" என்றாள் எருந்தீனா.
துலக்கிய வெண்கலம் போல் அதே பழைய குரல்.
இருபத்தொன்பது. இருபத்தெட்டு.
நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு.
பதினைந்து, பத்து, எட்டு,
கண்கள் மிரள, கால் வழுக்கியவளாக இறங்குகிறாள்.
மடியில் அவள் கோட்டோடு உட்கார்ந்திருந்த நான்
"எனக்கு!" என்று கத்தினேன்.
ஏழில் நின்றாள்.

கப்பல் சமையல்காரன் நான்;
வீட்டுப் பேச்சையெல்லாம் அவளிடம் விட்டுவிட்டுச்
சும்மா இருந்தவன்.
அவள் ஏலத்தில் நான் எடுத்த முதல் சரக்கு
அந்த ஏழு.

அதன்பிறகு குடும்பமே வியாபாரிகளானோம்.
காப்பிக்கு எத்தனை சர்க்கரை?
முப்பதிலிருந்து வருவாள்.
ப்ரெய்ஷோ இரண்டில் பாய்வான்.
தவறவிட்டால் மறுபடி முப்பது;
காப்பி ஆறிப்போகும்.
யாரும் அவசரப்படவில்லை.
(தொரிந்தா அவசரப்பட்டாள். மூன்று சர்க்கரை.)

ஜூனில் டாக்டர் கேட்டார்:
"வலது தோள் எவ்வளவு வலிக்கிறது?
பத்துக்கு எத்தனை?"
அவள் தொடங்கிவிட்டாள்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சர்க்கரை தெரியும், மாத்திரை தெரியும்,
பேருந்து நம்பர் தெரியும்.
இது எங்கே நிற்கும்?
பதினொன்று. பத்து.
மகன் நகத்தைக் கடித்தான்.
ஒன்பது. எட்டு.
அவள் என்னைத்தான் பார்த்தாள்.
முப்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும்
என்னால் சொல்ல முடியவில்லை.
ஆறு.
ஐந்து.

நாலு என்றாள்,
இடது கையால் மேஜையில் ஓங்கி ஒரு அடி.

யாரும் கத்தியிருக்கவில்லை.

"நாலுதானே, நல்ல செய்தி" என்று
எழுதிக்கொண்டார் டாக்டர்.
விலையில் ஒருநாளும் பொய் சொல்லாதவள்
அவருக்குக் கெட்ட வார்த்தையைச் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் மழை.
முன் இருக்கையில் தொரிந்தா
விரல்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.
பத்து முடிந்தும்
எதுவும் பேசவில்லை.